எறும்பு மருந்து

என்னங்க,

மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நண்பர் வீட்டில் உங்களுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? உங்கள் துணிகளைத் துவைத்து மடித்துப் பையில் வைத்திருக்கிறேன்.

இன்று வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அலமாரி, கட்டிலடி, அரிசி டப்பா, ஒன்றையும் விடவில்லை. நகத்தளவு நீலப் பட்டாம்பூச்சியாம், ஒரே ஒரு மலையில்தான் மிச்சம் இருக்கிறதாம். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

வாசல் எலுமிச்சைத் தொட்டியில் எறும்பு மருந்து போடக் கூடாது, பாவம் என்று சண்டை பிடித்தீர்களே. எறும்புக்கும் இரங்குகிற மனுஷன் என்று பக்கத்து வீட்டில் பீற்றிக்கொண்டேன். அந்த எறும்புகளின் காவல் இல்லாமல் பட்டாம்பூச்சிப் புழு பிழைக்காது என்பது, நீங்கள் போனில் யாரிடமோ தொட்டியில் வளர்க்கிற அந்தப் புழுக்களுக்கு விலை பேசியபோதுதான் தெரிந்தது.

எதுவும் கிடைக்காமல் கிளம்பினார்கள். வந்ததில் ஒரு அம்மா, செருப்பை மாட்டியபடி தொட்டியைப் பார்த்தார்.

"குழந்தை இருக்கிற வீட்ல இவ்வளவு எறும்பா? மருந்து இருந்தா கொடுங்க, போட்டுட்டுப் போறேன்."

டப்பாவை நானே எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திருகினார். கொட்டியிருந்தால் எறும்போடு புழுவும் செத்திருக்கும், நீங்களும் நிம்மதியாக வீடு திரும்பியிருக்கலாம்.

"போடாதீங்க" என்றேன்.

"ஏம்மா?"

பாவம் என்ற உங்கள் வசனம் வாய்வரை வந்தது. அதைச் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் சொன்னேன்.

இதைத் தபாலில் போடவில்லை. கொண்டு வந்தவர்கள் வாசலில்தான் நிற்பார்கள். துணிப் பையும் அவர்களிடம் இருக்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா