கீழே இருந்து போடும் பந்து

ஸ்ரீரங்கம்
12-2-1962

அன்புள்ள வள்ளிக்கண்ணு,

பிலடெல்பியாவில் பனி கொட்டுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், என்னை ஒரே வரியில் விசாரித்திருக்கிறாய். கோபம்தான். ஆனால் அதைவிடப் பெரிய கோபம் எங்கள் கூடைப்பந்து கிளப்புக்கு வந்திருக்கும் புது மாஸ்டர் அற்புதசாமி மேல் இருப்பதால் உன்னை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

எதிராளி இடித்தால் தடையில்லாமல் போடக் கிடைக்குமே ஃப்ரீ த்ரோ, பள்ளிக்கூடத்தில் அதை நாம் எப்படிப் போடுவோம்? கையை உயர்த்தினால் தாவணி நழுவும் என்று, பந்தை இரண்டு கையாலும் முழங்காலுக்கு நடுவில் பிடித்துக் கீழே இருந்து தூக்கிப் போடச் சொல்லிக் கொடுத்தார்களே டீச்சர், இன்னும் அப்படித்தான் போடுகிறேன். பத்துக்கு எட்டு கூடையில் விழும். போன வாரம் தஞ்சாவூர் மேட்சில் ஜனம் சிரித்தது. "கழுநீர் ஊத்துறா பாரு!" என்று ஒருத்தன் கத்தினான். மாஸ்டருக்கு மானம் போய்விட்டதாம். "மேலேருந்து போடும்மா. இல்லேன்னா மெட்ராஸ் போற டீம்ல உன் பேரு இருக்காது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

மாநிலப் போட்டி ஏப்ரலில். இதற்காகத்தானே வருஷக்கணக்காக டெலிபோன் ஆபீஸ் டூட்டி முடிந்த கையோடு கிளப்புக்கு ஓடுகிறேன்! மேலே இருந்தும் போட்டுப் பார்த்தேன். பந்து பலகையைத் தாண்டிக் காம்பவுண்டுக்கு வெளியே போகிறது. இந்த ஆட்டம் பிறந்த தேசத்தில் இருக்கிறாய். அங்கே எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்து உடனே எழுது.

உன் கோபக்காரி
சந்திரம்மாள்

பிலடெல்பியா
4-3-1962

அடியே சந்திரா!

முதலில் உட்கார்ந்துகொள்.

முந்தாநாள் இவரோடு வேலை பார்ப்பவர் எங்களைக் காரில் ஹெர்ஷி என்ற சின்ன ஊருக்கு அழைத்துப் போனார். சாக்லேட் செய்கிற ஊர், தெருவெல்லாம் அந்த வாசனை. அங்கே எங்கள் ஊர் டீமுக்கும் நியூயார்க்குக்கும் மேட்ச். வில்ட் சேம்பர்லின் என்று ஒருவர் எங்கள் டீமில் ஆடுகிறார். சம்பளத்துக்கு ஆடுகிறவர்களில் பெரிய பேர் எடுத்தவர், ஏழடிக்கு மேல் உயரம். வாசலுக்கு வாசல் தலையைக் குனிந்து நுழைவதால் சிநேகிதர்கள் வைத்த பட்டப்பெயர் 'டிப்பர்'. மணிக்கட்டில் எப்போதும் ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். சின்ன வயதில் சாக்ஸ் நழுவாமல் கட்ட உபரியாக வைத்துக்கொண்ட பழக்கமாம், விடமுடியவில்லையாம்.

அந்த மனிதர் ஒரே மேட்சில் நூறு பாயிண்ட் எடுத்துவிட்டார்! டெலிவிஷன்காரர்கள்கூட வரவில்லை, அரங்கத்தில் பாதி நாற்காலி காலி. ஆனால் நான் பார்த்தேன்டி! கடைசியில் ஜனம் ஆடுகளத்துக்குள்ளேயே ஓடியது. நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன், இவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

இப்போது கேள். அவர் ஃப்ரீ த்ரோ எப்படிப் போட்டார் தெரியுமா? முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும், கீழே இருந்து! அப்படியே நம் டீச்சர் சொன்ன மாதிரி! முப்பத்திரண்டு போட்டதில் இருபத்தெட்டு விழுந்தது. நான் தமிழில் கத்தியதைக் கேட்டு முன் வரிசைக்காரர் பயந்துபோய்த் திரும்பினார். பேப்பரில் வந்த படம் இதோடு இருக்கிறது. மாஸ்டர் மூக்குக்கு நேரே நீட்டு.

சந்தோஷம் தாங்காத
வள்ளி

ஸ்ரீரங்கம்
22-4-1962

என் தங்கமே வள்ளி,

மெட்ராஸ் போய் வந்தேன்! கோப்பை இல்லை, மூன்றாவது இடம்தான். ஆனால் போனேன், ஆடினேன்!

உன் கடிதத்தைக் கிளப்பில் உரக்கப் படித்தேன். மாஸ்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நூறுன்னு எழுதின காகிதத்தைத்தானே புடிச்சிக்கிட்டு இருக்காரு?" என்றார். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கமர் ஜஹான் விடவில்லை. "அப்போ வள்ளியக்கா பொய் எழுதியிருக்காங்களா மாஸ்டர்?" என்று மடக்கினாள். மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "அவ்வளவு பெரிய மனுஷனே போடுறாருன்னா, சரி, போடு" என்றார்.

மெட்ராஸிலும் சிரித்தார்கள். மாஸ்டர் எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்து, "அமெரிக்காவுல சேம்பர்லினே இப்படித்தான் போடுறாரு! தெரியாம சிரிக்காதீங்க!" என்று முழங்கினார். எனக்கு வந்த சிரிப்பில் ஒரு பந்து தவறிவிட்டது. மொட்டைக் கோபுரத்துப் பக்கம் அப்பாவின் பூக்கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சேம்பர்லின் கதைதான். அப்பா சொல்லிச் சொல்லி அவர் உயரம் இப்போது எட்டடி ஆகிவிட்டது.

உன்னால் டீமில் இருக்கும்
சந்திரா

பிலடெல்பியா
9-12-1962

அன்புள்ள சந்திரா,

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்தேன். எங்கள் டீமை சான்பிரான்சிஸ்கோவுக்கு விற்றுவிட்டார்கள், சேம்பர்லினும் போய்விட்டார். இவருடைய சிநேகிதர் நியூயார்க்கில் அவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்: ஃப்ரீ த்ரோவை இப்போது மேலே இருந்துதான் போடுகிறாராம். கீழே இருந்து போடுவது பெண்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று அவருக்கு வெட்கம் என இங்கே பேசிக்கொள்கிறார்கள். பந்து அதிகமாகத் தவறினாலும் பழையபடி போடுவதில்லையாம்.

மாஸ்டரிடம் மூச்சு விடாதே. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. என் கடிதத்தால் டீமில் உனக்குக் கிடைத்த இடம் என் கடிதத்தாலேயே போய்விடக் கூடாது.

கவலையோடு
வள்ளி

ஸ்ரீரங்கம்
4-1-1963

அன்புள்ள வள்ளி,

கிழிக்கவில்லை. கடிதம் வந்த மறுநாளே மாஸ்டரிடம் நானே படித்துக் காட்டினேன். அவர் எந்தப் பத்திரிகையில் பார்த்துவிட்டு வந்து கேட்பாரோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிய என்னால் ஆகாது.

"அவரே விட்டுட்டாரா?" என்றார்.

"விட்டுட்டார் மாஸ்டர். நான் விடலை."

"சீன யுத்த நிதிக்கு மேட்ச் வருது. மெட்ராஸ் டீம் வருது, ஊரே வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் டீமில் உண்டா இல்லையா என்று சொல்லவே இல்லை. அந்த நாட்களில் நான் பட்ட பாட்டை எழுத முடியாது. சேம்பர்லின் மேல் எனக்குக் கோபமில்லை வள்ளி. நூறு பாயிண்ட் எடுத்தவருக்கே மற்றவர்கள் சிரிப்பது உறைக்கிறது என்றால், எனக்கு உறைத்ததில் என்ன ஆச்சரியம்?

மேட்ச் போன ஞாயிற்றுக்கிழமை. பெயர்களைப் படித்தபோது என் பெயரும் இருந்தது. கைதட்டக்கூடத் தோன்றவில்லை, அப்படியே நின்றேன். ஏகாதசிக்கு வந்த வெளியூர்க்காரர்கள்வரை மைதானத்தில் கூட்டம். கடைசி நிமிஷத்தில் இரண்டு பக்கமும் சமம். கமர் ஜஹானை இடித்துத் தள்ளிவிட்டார்கள், அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. என்னோடு விளையாட்டாகக் கீழே இருந்து போட்டுப் பழகியவள்தான், ஆனால் மேட்சில் போட மாட்டாள், வெட்கம். முதல் பந்தை மேலே இருந்து போட்டாள், வளையத்தில் பட்டு வெளியே போனது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

அப்போது மாஸ்டர் எல்லைக் கோட்டுக்கு வெளியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார்: "கமரு! சந்திரா போடுற மாதிரி போடு!"

பந்து உள்ளே போனது, நாங்கள் ஜெயித்தோம். ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை வள்ளி. மாஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் பெயரைத்தான் சொன்னார்.

உன்
சந்திரம்மாள்