ஸ்பீக்கருக்கு வாங்கிய ரப்பர் கால்கள்

என்னங்க,

நெத்திலிக் குழம்பு சட்டியில் இருக்கிறது. சுட வைத்துச் சாப்பிடுங்கள். நேற்று மாதிரி கோபத்தில் பட்டினி கிடக்க வேண்டாம். கிளியனூரில் அக்காவைப் பார்த்துவிட்டு ஆறு மணி பஸ்ஸில் வந்துவிடுவேன்.

நாலு மணிக்கு ஸ்பீக்கர் பார்க்க மெக்கானிக் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். நீங்கள் நினைத்த மாதிரி ஸ்பீக்கர் கிழியவில்லை, அல்ஹம்துலில்லாஹ்!

காலையில் தரை துடைக்க, ஸ்பீக்கர் அடியில் நீங்கள் வைத்த ரப்பர் கால்களை எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டுப் பார்த்தேன். கால் இருந்தாலும் அதே கரகர சத்தம், இல்லாவிட்டாலும் அதேதான். சிமெண்ட் தரைக்கு அது எதற்கு என்று நான் கேட்டது சரிதான். பிறகு சத்தம் வந்த பக்கமாகக் காதை வைத்துக்கொண்டே போனேன். ஷோகேஸில் நீங்கள் உப்பளத்திலிருந்து பாத்திக்கு ஒன்றாகக் கொண்டுவந்து அடுக்கிய உப்பு சாம்பிள் பாட்டில்கள்! தகரத் தட்டில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. கையால் பிடித்ததும் பாட்டு சுத்தமாகிவிட்டது.

பாட்டில்களைத் தள்ளித் தள்ளி வைத்து, தட்டுக்கு அடியில் உங்கள் ரப்பர் கால்களைக் கொடுத்துவிட்டேன். இப்போது முணுக்கென்று சத்தமில்லை. நீங்கள் வாங்கியதும் வீண் போகவில்லை.

ரஹ்மத்

நேற்று "ஒனக்குக் காதே கெடையாதுடி" என்றீர்களே, நான் வரும்வரை பாட்டுப் போடாதீர்கள். அந்தக் காதும் கேட்க வேண்டும்.