ஹாலுக்குள் விடாத வீடு

பாய்,

மழை பிடித்துக்கொண்டால் தோல் பதனிடும் ஷாப்களின் வாடை நம் கேபிள் ஆபீசுக்குள் ஏறிவிடும். இன்றைக்கும் ஏறிவிட்டது, ஜன்னலைச் சாத்தியும் போகவில்லை. நீங்கள் விழுந்த அன்றும் இதே வாடைதான். காலையிலிருந்து யார் பேசினாலும் எரிந்து விழுகிறேன்.

ஏழு வருஷம் நான் போனில் புகார் எடுக்க, நீங்கள் ஆம்பூர் முழுக்கப் போய்ச் சரிசெய்தீர்கள். டிவியில் 'சிக்னல் இல்லை' என்று வந்தால் பாதி நேரம் வயரில் பழுதே இருக்காது என்பீர்கள். "மொதல்ல டிவி, அப்புறம் பாக்ஸு, கடைசிலதாம்மா மாடில ஓட்ற வயரு." செட்டாப் பாக்ஸின் கேபிள் டிவிக்குப் பின்னால் ஓரிடத்தில் சொருகியிருக்கும், ரிமோட்டில் யாராவது வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருப்பார்கள். சோர்ஸ் பட்டனை அமுக்கினால் படம் வந்துவிடும்.

அன்று அந்த மாடி வீட்டுக்காரர் போனில் கத்தியபோது நானும் அதைத்தான் சொன்னேன்.

"சோர்ஸ் பட்டனை ஒருதரம் அமுக்கிப் பாருங்க சார்."

"அதெல்லாம் என் வேலையா? ஆளை அனுப்பு."

அனுப்பினேன். அந்த மழையில் உங்களை நான்தான் அனுப்பினேன்.

அவர் வாசலில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தீர்கள். "உள்ள வுட மாட்றாரும்மா. ஈரக் காலோட ஹாலுக்கு வராத, மாடில போய்ப் பாருன்றாரு."

"அப்ப வந்துடுங்க பாய்."

"நம்ம ஓனர் கிட்ட சொல்லி பேஜார் பண்ணுவாரு. ஒரு நிமிஷம், பாத்துட்டு வந்துட்றேன்."

ஏன் போனீர்கள்? டிவியைப் பார்க்காமல் மாடி ஏறாத மனுஷன், அன்று மட்டும் ஏன் ஏறினீர்கள்? உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். பாசி பிடித்த கைப்பிடிச் சுவரில் ஏறி வயரை எட்டும்போது கால் வழுக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அதே வீட்டிலிருந்து மறுபடி போன். "உங்க ஆளு விழுந்தது எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா டிவி இன்னும் வரல."

நானே போனேன். செருப்பைக் கழற்றாமல் நேராக ஹாலுக்குள் நடந்தேன். ரிமோட்டை எடுத்து சோர்ஸ் பட்டனை அமுக்கினேன். ஏதோ விளம்பரம், அத்தனை சத்தமாக ஓடியது.

"இதுக்குத்தான் சார்..." என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையில் பதிந்திருந்த சேற்றுத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் புகார் எழுதுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன் பாய். "ஆள் வந்தா உள்ள வுடுவீங்களா?" சிலர் சிரிக்கிறார்கள், சிலர் திட்டுகிறார்கள். "இன்னாம்மா, கஸ்டமரை எல்லாம் ஓட வுட்றியா?" என்று ஓனர் சலித்துக்கொள்கிறார். சலித்துக்கொள்ளட்டும். விடுவேன் என்று சொல்லாத வீட்டுக்கு நான் ஆள் அனுப்புவதில்லை.