இடப்பக்கமாக அரை மணி நேரம்

அக்கா,

இன்றைக்கும் மருந்துக் கடைக்காரர் எனிமா பாட்டிலை நியூஸ் பேப்பரில் சுற்றித்தான் கொடுத்தார். நாப்கினுக்குச் சுற்றுகிற அதே மடிப்பு. பொட்டலத்தைக் கையில் வாங்கியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோறு வைத்தேன், இறக்க மறந்தேன். துணி நனைத்தேன், துவைக்கவில்லை. கடைசியில் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் இருவருக்கும் ஒரே நோய். பெருங்குடலின் அடியில் புண், ரத்தம், ஓயாத வயிற்றுப்போக்கு. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் பேக்கிங் லைனை விட்டுக் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால், சூப்பர்வைசர் மேசையிலிருக்கும் கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். லைனுக்கு ஒரே கார்டு. அதற்குப் போட்டி போட்டதில்தான் நாம் ஒருவரையொருவர் கண்டுபிடித்தோம். "இன்னாடி, உனக்கும் ரத்தமா?" என்று நீ காதருகே கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் டாக்டரிடமே உன்னையும் அழைத்துப் போனேன்.

அவர் எழுதிக் கொடுத்தது ஸ்டீராய்டு மருந்து. பின்வழியாக ஏற்றிக்கொண்டு, இடப்பக்கமாக அரை மணி நேரமாவது படுத்திருக்க வேண்டும். அப்போதுதான் புண்ணில் தங்கும். ராத்திரி படுக்கும்போது போடச் சொன்னார். எனக்கு வாடகைக்குத் தனி அறை இருந்தது. உனக்குக் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்து ஆரணியில் ஒரே அறை, அதில் ஐந்து பேர். நீ விடிகாலையில் குளியலறையில் நின்றபடியே ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாய்.

"அப்படிப் போட்டா எல்லாம் வெளிய வந்துடும்க்கா" என்றேன்.

"ஊட்ல இத்தினி பேரு இருக்கச் சொல்ல, இத்தப் போட்டுக்கினு நான் எங்கடி படுக்கறது? மாமியா இன்னான்னு கேட்டா இன்னா சொல்றது? பேஜாரு!"

வீட்டில் அல்சர் என்று சொல்லிவைத்திருந்தாய். அல்சர் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை, மோர் கொடுப்பார்கள்.

அடுத்த முறை டாக்டர், "படுத்துத்தானே போடறீங்க?" என்று கேட்டார். "ஆமா சார், கரெக்டா படுத்துக்கினுதான்" என்றாய், மேசைக்கடியில் என் கையை நறுக்கென்று கிள்ளியபடி. நான் வாயைத் திறக்கவில்லை. மருந்துக்கு நோய் கேட்கவில்லை என்று நினைத்து அவர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். அதில் உன் முகம் உப்பியது. லைனில் எல்லாரும் கேலி செய்தபோது நீதான் முதலில் சிரித்தாய். பிறகு யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டாய். நோய் ஒரேயடியாக ஏறிக்கொண்டது. குடல் ஓட்டையாகி, ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் போய்விட்டாய்.

மருந்து ஒழுங்காகத் தங்கியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? பிறகு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். "இருக்கலாம்மா, உறுதியா சொல்ல முடியாது" என்றார். இந்த பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படித் தூங்குவாள்?

உன் காரியத்தன்று உன் வீட்டுக்காரர் கேட்டார்: "அவளுக்கு இன்னாதாம்மா நோவு? உனக்காவது தெரியுமா?"

"அல்சர்னுதாண்ணா சொன்னாங்க" என்றேன். செத்தும் என்னைக் கிள்ளிக்கொண்டிருந்தாய் நீ.

போன வாரம் அவர் போன் செய்தார். "பாப்பாவுக்கும் அவங்கம்மா மாதிரியே அல்சர் போல கீதும்மா. ரத்தம் போவுதாம். மோர் குடுத்துக்கினு கீறோம்."

உன் மகளுக்குப் பதினேழு வயது, அக்கா. இந்த நோய் சில குடும்பங்களில் தொடர்ந்து வரும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருக்கிறார். மறுநாளே லீவு போட்டுவிட்டு ஆரணிக்குப் போனேன். சொல்லிவிட்டேன். நோயின் பெயர், பின்வழி மருந்து, குளியலறை, பஸ், டாக்டரிடம் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. கோபித்துக்கொள், பரவாயில்லை. நேற்று அவளை டாக்டர் பார்த்தார், டெஸ்ட் எழுதியிருக்கிறார்.

அன்றைக்கு நான் சொல்லி முடித்ததும் முதலில் பேசியது நீ அவ்வளவு பயந்த உன் மாமியார்தான்.

"ஒரு அரை மணி நேரம் எல்லாம் வெளிய போய் குந்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்க குந்தியிருக்க மாட்டமா?"

அக்கா, லைனிலும் பஸ்ஸிலும் அந்தக் கேள்வியைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.