ஒற்றை நட்டுச் சக்கரம்

ஏப்ரல் 9, 1953. வியாழன்

காலையிலிருந்து பனிமூட்டம். நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம். வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், உப்பு, கருவாடு, தீப்பெட்டி.

என் வீட்டுக்காரருக்கு வலது காறை எலும்பு முறிந்துவிட்டது. நுவரெலியாவுக்கு வந்து இந்தக் கராஜில் வேலைக்குச் சேர்ந்து, அதை ஒட்டிய அறையில் குடியேறியதிலிருந்து இவருக்கு ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை. இன்று இப்படி.

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துச் சின்னத்துரையின் பந்தயக் கார்தான் காரணம். சிவப்பு. இரண்டு பேர் உட்காரலாம், அவ்வளவே. மற்றக் கார்களைப் போலச் சக்கரத்துக்கு நாலைந்து நட்டு கிடையாது. நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. அதற்கு இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கழற்றுவதும் பூட்டுவதும் அந்தக் காதில் அடித்துத்தான். அதற்கென்று செம்புச் சுத்தியல் இருக்கிறது, இரும்பு பட்டால் காது நசுங்கும். இன்று நட்டு இறுகிப் போயிருந்ததாம். ஓங்கி அடித்திருக்கிறார். சுத்தியல் வழுக்கியது, கிரீஸ் சிந்திய தரையில் காலும் வழுக்கியது. சிமெந்தில் தோள் மோத விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். "ரெண்டு மாசத்துக்குச் சுத்தியலத் தொடக்கூடாது" என்றார் டாக்டர். 

ஏப்ரல் 10. வெள்ளி

முதலாளி வந்தார், பிஸ்கட் பொட்டலத்தோடு. (இனி மு. என்றே எழுதுகிறேன். தாள் மிச்சம்.) நல்ல மனிதர். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"செல்லையா, அடுத்த ஞாயித்துக்கெழம மலை ஏர்ற பந்தயம். சாதா டயரோட வந்து, மலையடியில வச்சுப் பந்தய டயர் போட்ட சக்கரம் மாத்தணும். தொர ஒன்னத்தான் கேக்குறாரு. ஒனக்கு முடியாதுன்னா கண்டியிலேருந்து ஆளு கூட்டிட்டு வரணும். வர்ற ஆளுக்கு இந்த ரூமத்தான் குடுக்கணும். எனக்கு வேற எடம் இல்ல."

"தெரியுதுங்க" என்றார் இவர்.

மு. போனபின் சுவரைப் பார்த்துக்கொண்டே: "ஊருக்குப் போயிடுவோம்."

"எந்த ஊருக்கு?"

"திருச்சிப் பக்கந்தான். சித்தப்பா இருக்காருல்ல."

"நீங்க பொறந்தது அக்கரப்பத்தன. நான் பூண்டுலோயா. திருச்சிய நான் படத்துலகூடப் பாத்ததில்லங்க."

 இவர் பிஸ்கட்டைத் தொடவில்லை.

எனக்கு எங்கும் போகும் எண்ணம் இல்லை. எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 11. சனி

கருவாடு நல்லதாகக் கிடைக்கவில்லை. வெயில் கொஞ்சம்.

மத்தியானம் சிறிபாலவுக்குத் தேநீர் கொடுக்கப் போனேன். இவரோடு வேலை பார்க்கிற சிங்கள ஆள், லொறி எஞ்சின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். மு. சொல்லிச் சிவப்புக் காரில் அடித்துப் பார்த்திருக்கிறார். நட்டின் காதில் சின்னதாக ஒரு காயம்.

"லொறின்னா நான் செய்யும், நங்கி. இதுல அடி சரியா விழல. தொர பாத்தா ஏசும்." சிங்களத்தில் நங்கி என்றால் தங்கை, என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

குனிந்து அந்த நட்டைப் பார்த்தேன். இத்தனை நாள் பக்கத்து அறையில் இருந்தும் கிட்டப் பார்த்ததில்லை. ஏன் அடிக்க வேண்டும்? இரண்டு காதையும் ஒன்றாகக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு மரம், அதற்கு நீளமான கை. அழுத்தித் திருப்பினால் போதாதா? மரம் என்றால் காதும் நசுங்காது. எங்கள் வீட்டில் எல்லாரும் தச்சு வேலை. மரம் என்றால் எனக்குப் பயமில்லை.

பழைய செய்தித்தாளை நட்டின்மேல் வைத்து, கிரீஸ் விரலால் தேய்த்து அச்செடுத்தேன்.

இவர் கண்டுபிடித்துவிட்டார்.

"கராஜுக்குள்ள ஏன் போன?"

"தேத்தண்ணி குடுக்க."

"கையில என்ன?"

"நட்டு."

தாளை வாங்கிப் பார்த்தார். கோபம் வரும் என்று நின்றேன். இடது விரலால் ஓர் இடத்தைத் தொட்டார். "இந்தக் காது வெளிப்பக்கமா சாஞ்சிருக்கும். நேரா வெட்டுனா புடிக்காது."

சோறு முழுவதும் சாப்பிட்டார்.

ஏப்ரல் 12. ஞாயிறு

வருஷப் பிறப்புக்காக அண்ணன் பூண்டுலோயாவிலிருந்து வந்தான். தோட்டத்து ஃபேக்டரியில் தச்சு வேலை. உளியும் மரம் அறுக்கும் வாளும் கொண்டுவரச் சொல்லி நேற்றே ஆள் அனுப்பியிருந்தேன்.

"பண்டிகைக்கு வரச் சொன்னியா, வேலைக்கு வரச் சொன்னியா?"

"ரெண்டுக்குந்தான், அண்ணே."

முதலில் தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்தோம். அழுத்தியதும் பிளந்தது. இரண்டாவது, மு. வீட்டில் கழற்றிப் போட்டிருந்த பழைய வாசற்கால். முதிரை மரம், கல்லு மாதிரி. அண்ணன் குடைந்தான், நான் அரம் போட்டேன், இவர் தாளை வைத்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று உயிரை வாங்கினார். மூவருக்கும் ஒருவர்மேல் ஒருவர் எரிச்சல். பாயசம் அடிப்பிடித்தது.

ஏப்ரல் 15. புதன்

நட்டைத் திருப்பும் மரச்சாவி முடிந்தது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்தேன். என் தோள் உயரத்துக்கு நீளம்.

மு. வெளியே போன சமயம் பார்த்துக் காரில் மாட்டினோம். சிறிபால ஜாக்கியில் தூக்கினார். காதைச் சரியாகக் கவ்வியது. அழுத்தினார். சக்கரமே சுற்றியது. நட்டு அசையவில்லை. மறுபடி அழுத்தினார், மறுபடி சக்கரம் சுற்றியது. அடிக்கிறபோது அந்த அதிர்ச்சியிலேயே நட்டு நகர்ந்துவிடும். மெதுவாக அழுத்தினால் சக்கரமும் கூடவே வருகிறது.

இவர் முகம் விழுந்துவிட்டது. அறைக்குத் திரும்பி நடந்தார்.

"நில்லுங்க. சக்கரம் ஏன் சுத்துது?"

"தூக்கி வச்சா சுத்தாதா?"

"அப்ப எதுக்குத் தூக்குறீங்க?"

நின்றார். சிறிபாலவைப் பார்த்து, "எறக்கு" என்றார். சக்கரம் தரையில் ஊன்றி நிற்க, மரச்சாவியை அழுத்தினார் சிறிபால. கிறீச் என்று ஒரு சத்தம். நட்டு இளகியது. பிறகு தூக்கிக் கையாலேயே கழற்றினார்.

முதலில் இளக்கு, பிறகு தூக்கு. இவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. இவருக்கும்.

ஏப்ரல் 18. சனி

மு. மரச்சாவியைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். இவர் கூட இருந்து சொல்ல, சிறிபால சாவி பிடிப்பதாக ஏற்பாடு.

இவர் சிறிபாலவுக்குச் சொன்ன பாடம்: சாவியின் கை காரின் முகத்தைப் பார்த்து நீண்டிருக்கும்போது கீழே அழுத்தினால் கழலும். பின்பக்கம் பார்த்திருந்தால் இறுகும். இரண்டு பக்கத்துக்கும் இதே விதி. நானும் இடது பக்கச் சக்கரங்களில் செய்து பார்த்தேன். வலது பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கிறது, ஆள் நுழைய முடியாது.

பின்னேரம் ஒரு சேதி. உடப்புசல்லாவைப் பாதையில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி படுத்துவிட்டது. மு. சிறிபாலவை அனுப்பிவிட்டார். நாளைப் பந்தயத்துக்குள் திரும்ப முடியாது.

இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார், போன வாரம் போல.

"நான் புடிக்கிறேன்."

"நீயா? அத்தன தொரமாருக்கு முன்னாலயா?"

"அவங்க காரத்தான பாப்பாங்க."

"எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுங்க. ரூமு போச்சுன்னா அழுவுறது நாமதான்."

மரச்சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு, "சீலைய நல்லா இழுத்துச் சொருகிக்க" என்றார்.

ஏப்ரல் 19. ஞாயிறு

கை வலிக்கிறது. எழுத்து கோணல்.

காலையில் மு.வின் வேனில் போனோம். மலையடியில் கார்கள், தொப்பி வைத்த துரைசானிகள், கூடைகளில் சாப்பாடு. நான் யாருக்கோ சோறு கொண்டு வந்தவள் என்று நினைத்திருப்பார்கள். ஒருவரும் தடுக்கவில்லை.

சின்னத்துரை என்னைப் பார்த்தார், இவருடைய கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், மரச்சாவியைப் பார்த்தார். இவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்.

இடது பக்கம் இரண்டும் சுலபம். நான் இளக்கினேன், இவர் இடது கையால் ஜாக்கியை ஏற்றினார், நான் சக்கரத்தை மாற்றி, இறக்கியதும் இறுக்கினேன். கம்பிச் சக்கரம், கனமில்லை. வலது பக்கம் முன்சக்கரத்தில் சாவியை மாட்டி அழுத்தினேன். அசையவில்லை. முழுப் பலத்தோடு அழுத்தினேன். இல்லை. பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அந்தப் பனியில்.

"பாக்கியம்."

இத்தனை பேர் முன்னால் இவர் என் பெயரைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"கார் எந்தப் பக்கம் போவுது?"

பார்த்தேன். பழக்கத்தில் சாவியை இடது கைப்பக்கமே நீட்டி மாட்டியிருந்தேன். இந்தப் பக்கத்தில் அது காரின் பின்புறம். இவ்வளவு நேரமும் இறுக்கியிருக்கிறேன்.

கழற்றி, கார் முகத்தின் பக்கம் நீளும்படி மாட்டினேன். நானே இறுக்கியது, கையால் வரவில்லை. சாவியின் நுனியில் ஏறி நின்றேன். இவர் தன் நல்ல தோளைக் கொடுத்தார், பிடித்துக்கொண்டேன். மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். நட்டு இளகியது.

கடைசிச் சக்கரத்தில் சிக்கல் இல்லை. கார் போனது. வளைவுகளில் அதன் சத்தம் மட்டும். ஒரு வளைவில் சத்தம் நின்றது போலிருந்தது. எந்தச் சக்கரத்தைச் சரியாக இறுக்கவில்லை என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு மேலேயிருந்து கைதட்டல்.

ஜெயிக்கவில்லை. நடுவில் எங்கோ. கார் திரும்பி வந்ததும் இவர் ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் மயிரிழை நகரவில்லை. துரை இவருடைய இடது கையைக் குலுக்கினார். எனக்கும் நீட்டினார். கை முழுக்கக் கிரீஸ் என்று காட்டினேன். பரவாயில்லை என்று குலுக்கிவிட்டார்.

வேனில் வரும்போது இவர் தூங்கிவிட்டார். தலை என் மேல்.

ஏப்ரல் 20. திங்கள்

மழை. கூரை ஓர் இடத்தில் ஒழுகுகிறது, சட்டி வைத்தேன்.

மு. வந்தார். கண்டி ஆள் வேண்டாமாம். ரூம் எங்களுக்கே. இன்னொரு துரையும் அதே மாதிரிக் கார் வைத்திருக்கிறார், நேற்றுப் பார்த்தாராம், எங்கள் கராஜுக்கே அனுப்புகிறாராம்.

"சிறிபால வந்ததும் சாவிய அவன்கிட்டக் குடுத்துடு" என்றார் என்னிடம்.

"அவருக்கு லொறி வேல இருக்குங்களே. இவரு கை சரியாகுற வரைக்கும் நானே செய்றேன்."

"பொம்பளைய கராஜுல வச்சா ஊரு என்னம்மா சொல்லும்?"

"ஊரு நேத்தே பாத்துருச்சுங்க, முதலாளி."

மு. இவரைப் பார்த்தார். இவர் வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார், உதவிக்கு வரவில்லை. ஆனால் சிரிப்பை அடக்குவது எனக்குத் தெரிந்தது.

"நாளைக்குக் காலையில கார் வருது. ரெண்டு பேரும் வந்துருங்க" என்று குடையை விரித்தார் மு.

எதைக் கட்டிக்கொண்டு போவது. சேலை ஜாக்கியில் மாட்டுகிறது.