ஒரு நாள் பொறுக்க வேண்டிய டப்பா

அட்டுவம்பட்டி,
மார்கழி 20

அன்புள்ள மருமகள் தாரணிக்கு, மாமா எழுதுவது. நானும் உன் அத்தை புவனாவும் நல்ல சுகம், நீயும் அந்த நார்வே குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்கப் பழனியாண்டவர் பார்த்துக்கொள்வார். அங்கே பனிமலையைக் குடைந்து உலகத்து விதையெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்றாயே, நம் வீட்டுக்குப் பின்னால் பாறையை ஒட்டிய விதை அறைக்கு அது தம்பி முறைதான். சித்திரையிலேயே கம்பளி இல்லாமல் உள்ளே போக முடியாது, போன மாதம் ஒரு காட்டுமாடு தலையை நீட்டிவிட்டுக் குளிர் தாங்காமல் தும்மிக்கொண்டே ஓடியது, நானே கண்ணால் பார்த்தேன்.

உன் அம்மா முருகேஸ்வரி உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். ஐப்பசி மழையில் மலையடியில் அய்யம்பாளையத்துத் தோட்டத்தில் வேறெங்கும் இல்லாத நம் அவரைக்கொடி அத்தனையும் அழுகிப்போய், வீட்டில் கட்டிவைத்த விதையும் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அந்த அவரைக்கு இனி உலகத்திலேயே மிச்சம், ஆறு வருடத்துக்கு முன் நீ காயவைத்து இங்கே அடைத்துவிட்டுப் போன இரண்டு டப்பாதான். அவள் ஒரு நாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் தோட்டக்காரர்கள் நாலு பேரோடு வந்து நின்று, “அண்ணே, பெருமையெல்லாம் பெறகு பேசு, மொளைக்குமா மொளைக்காதா, அத மட்டும் சொல்லு” என்றாள். “நூறு வருசம் ஆனாலும் மொளைக்கும்” என்று ஒரு டப்பாவைத் தூக்கிவந்து அடுப்படியிலேயே திறந்துவிட்டேன். வெளியே எடுத்தால் ஒரு நாள் மூடியபடியே வைத்துக் குளிர் போனபிறகு திற என்று மூடிமேல் நீ எழுதியிருந்ததை வாசித்தேன், எட்டாவது படித்தவனுக்கு அதுகூடத் தெரியாதா, ஆனால் அஞ்சு பேர் சுற்றி நிற்கும்போது எவன் ஒரு நாள் பொறுப்பான். குளிர்ந்த விதைமேல் அடுப்படி ஆவி பட்டு முத்து முத்தாக வேர்த்துவிட்டது. “தூங்குன பிள்ளைய மூஞ்சில தண்ணி தெளிச்சு எழுப்பிட்டீங்களே” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். நனைந்ததை மறுபடி அடைக்க முடியாது என்று உன் அம்மா மடியில் கட்டிக்கொண்டு அன்றைக்கே இறங்கிப்போய் அத்தனையையும் ஊன்றிவிட்டாள்.

எட்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, டீக்கடையில் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் நாள் போன் வந்தது, பத்துக்கு ஏழு முளைத்திருக்கிறது! டீக்கடையில் பத்துக்குப் பத்து என்றுதான் சொல்லியிருக்கிறேன், உனக்கு மட்டும் உள்ளது உள்ளபடி. செய்தி பரவி, தாண்டிக்குடியிலிருந்துகூட ஜீப்பில் வந்து மிச்ச டப்பாவைக் காட்டச் சொல்கிறார்கள். அதனால் அறைக்குப் புதுப் பூட்டு போட்டு, இரண்டு சாவியையும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். என் கையில் இருந்தால் எவனாவது “மாமா, ஒருக்கா காட்டுங்க” என்பான், நான் திறந்துவிடுவேன்.

வேளைக்குச் சாப்பிடு, நோய் நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இரு. சித்திரையில் வரும்போது சாவியை மறக்காமல் கொண்டு வா, அதுவரை நானும் வெளியேதான் நிற்பேன்.

உன் தாய்மாமன்,
சேனாதிபதி