ரொட்டிக்கு மேல் சோறு

12 ஆகஸ்ட், செவ்வாய்

சர்க்கரை இறங்கவில்லை, காலில் புண்ணும் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் முன்பு கொடுத்த சீட்டில் இரவுக்கு இரண்டு ரொட்டி என்று இந்தியில் போட்டிருந்தது. மூன்று மாதமாக ஒரு நாள் விடாமல் தின்றேன். தின்றுவிட்டு வழக்கம்போல் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டேன். ரொட்டி பலகாரம்தானே, அதுவா சாப்பாடு?

இன்று புது டாக்டரம்மா இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “அரே அங்கிள், சோத்துக்குப் பதிலாத்தான் ரொட்டி!”

“பதிலான்னு எங்க மேடம் எழுதியிருக்கு?” எனக்கு எரிச்சல்.

அவர் வங்காளி. தனக்கும் சோறில்லாமல் ஆகாது என்று சொல்லிச் சீட்டைக் கிழித்தார். “சோறே சாப்பிடுங்க, குறைச்சுக்கலாம். இப்ப எத்தனை கரண்டி?”

இத்தனை வருஷத்தில் என்னிடம் இதைக் கேட்ட முதல் ஆள். மகராசன் நான், “ரெண்டு” என்றேன். அதை நம்பி மாத்திரை எழுதினார். புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்றும் சொன்னார்.

நான் சாப்பிடுவது ஐந்து. வீட்டில் சொன்னதும் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “ரெண்டு கரண்டி திங்கிற அந்த மனுசன் யாருங்க? மாத்திரைய அவருக்கே குடுத்துருங்க.”

காலையில் முதல் பஸ்ஸில் அபர்டீன் பஜார் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். நான்கு என்று சொல்லலாமா? வேண்டாம், ஐந்தேதான். விரல் என்னுடையது.